ரயில் அட்டைப் பிளேட்டுல காணாமப்போன குழல்

ராஜபாளையம்,
13.8.1990, திங்கக்கிழமை.

பிலாயில இருக்கிற அன்பு மக செண்பகத்துக்கு அப்பா தவசிமுத்து எழுதுறது. நானும் ஒங்க அம்மாவும் இங்க சொகம், நீயும் மாப்பிள்ளையும் அங்க சொகமான்னு கேட்டுத்தான் காயிதத்தை ஆரம்பிக்கணும். அதுதான் மொறை. ஆனா ஒனக்குச் சொகமில்லன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அதைக் கேக்க எனக்குக் கை வரல தாயி, அதனால கேக்கல. நீ எந்திரிச்சு நடமாடி, வாய்க்கு ருசியா ரெண்டு கவளம் தின்னு, நல்லா ஒறங்குனா அதுவே போதும்னு இங்க ரெண்டு பேரும் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

இது ஒங்க அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுற காயிதம் இல்ல. அவ சொல்லி எழுதுனா பாதி உளுந்தும் பாதி கருப்பட்டியுமா இருக்கும்னு ஒனக்கே தெரியும். அதையும் சொல்லிருதேன், இல்லேன்னா எனக்குச் சோறு கெடையாது. தங்கச்சாமி மகன் ராய்ப்பூர்ப் பக்கம் லாரி செட்டுக்கு வேலைக்குப் போறான், அவன் கையில உளுந்த மாவும் கருப்பட்டியும் ஒரு டின்னு நல்லெண்ணெயும் கொடுத்து விட்டிருக்கா. களி கிண்டி, எண்ணெயை ஊத்தி, காலையில வெறும் வயித்துல சாப்பிடணுமாம், இடுப்புக்கு அதுதான் பலமாம். தண்ணிக் கொடத்தை நீ தூக்கக் கூடாதாம், மாப்பிள்ளையைத் தூக்கச் சொல்லணுமாம். மாப்பிள்ளை அம்புட்டு இரும்பையும் உருக்குறவிய, ஒரு கொடம் தண்ணிக்கா பயப்படப் போறாவ. சேத்தூர்ல ஒங்க சித்தி மகளுக்கு நிச்சயம் முடிஞ்சிருச்சு. பையன் ஆலங்குளத்துல சிமெண்டு பாக்டரியில வேலை, தலையில முடி அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கு, பேச்சு மட்டும் நல்ல அடர்த்தி. கொழாத் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது, ஒங்க அம்மா கொழாயடியில சண்டை போட்டு மொதக் கொடம் பிடிக்கிற வழக்கத்தை இன்னும் விடல. ஊரு செய்தி இம்புட்டுத்தான்.

இனி நம்ம செய்திக்கு வாரேன். அந்த ஞாயித்துக்கிழமை நீ போன்ல சொன்னதுக்கு நான் சிரிச்சேன்ல, அதைப் பத்தித்தான் இந்தக் காயிதம். அதுக்குப் பொறவு நீ எங்கிட்டப் பேசல. பக்கத்து வீட்டு சுப்புராஜுக்குப் போன் பண்ணுனா, அம்மாவை மட்டும் கூப்பிடுங்கன்னு சொல்லிருதே. பிள்ளை போச்சுன்னு நான் சொல்றேன், இந்த மனுசன் சிரிக்காரே, இவரெல்லாம் ஒரு அப்பனான்னு நீ நெனச்சிருப்பே. நெனைக்கணும். நானா இருந்தா அதுக்கு மேலயும் நெனச்சிருப்பேன். ஆனா ஒங்க அப்பன் அம்புட்டு மோசமான பய இல்லட்டி. அது எப்படி நடந்துச்சுன்னு நான் ஒனக்குச் சொல்லணும், அதைச் சொல்லணும்னா சீவில்லிபுத்தூர்ல அபுபக்கர் பாய் கடையில இருந்துதான் ஆரம்பிக்கணும். நீ நடுவுல கிழிச்சுப் போட்டுராம படி.

பாய் கடையை ஒனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நீ பத்தாப்புப் படிக்கையில ரெக்கார்டு பிளேயர் வாங்குனோம்லா, அன்னையில இருந்து நீயும் எங்கூட பஸ் ஏறி வந்தவதான். தேரடி தாண்டி அந்தக் குறுகல் கடை, ஒரு பக்கம் டார்ச் லைட்டு, மறு பக்கம் ரெக்கார்டு அட்டைக. இப்ப முன்னால பூரா கேசட்டுதான் தொங்குது, பிள்ளைக வெத்துக் கேசட்டும் பாட்டுப் பேரு எழுதுன சீட்டும் கொடுத்துட்டுப் போகுதுக, பாய் பதிஞ்சு கொடுக்காரு. ஆனா பின்னால அந்த மர அலமாரி அப்படியேதான் இருக்கு. நம்ம அட்டைகளுக்கு வச்ச பேரெல்லாம் இன்னும் அங்க செல்லுபடிதான். எனக்கு அட்டையில இருக்கிற இங்கிலீசு ஓடாது, படத்தை வச்சுத்தான் கேப்பேன், குடை அட்டை, மீசை அட்டை, சிகப்புச் சேலை அட்டைன்னு. நீதான் எழுத்துக் கூட்டிப் படிச்சு, அப்பா இதுக்குப் பேரு வேறப்பான்னு அவமானமாச் சொல்லுவே. பாய் சிரிச்சுக்கிட்டே, விடு தாயி, அண்ணாச்சி வைக்கிற பேருதான் கம்பெனிக்காரன் வச்சதை விட நல்லா இருக்குன்னுவாரு. இப்ப அவரே யாரும் கேட்டா மீசை அட்டை தீந்து போச்சுன்னுதான் சொல்லுதாரு, வந்தவன் முழிக்கான்.

சனிக்கிழமைச் சட்டமும் அப்படியேதான். ஒரு பக்கத்துப் பாட்டு முடியுற வரைக்கும் கடையில ஒருத்தன் வாயைத் தொறக்கக் கூடாது. டார்ச் லைட்டு வாங்க வந்தவனா இருந்தாலும் சரி, பாய் வாயில வெரலை வச்சு ஸ்டூலைக் காட்டுவாரு, அவன் உக்காரணும். முள்ளைத் தூக்குன பொறவுதான் டீ வரும், சண்டை ஆரம்பிக்கும். இந்தப் பாட்டுல வயலினு கூடிப் போச்சு, அந்தப் பாட்டுல பொம்பளை இழுத்த இழுப்பு போதாதுன்னு நானும் பாயும் அடிச்சுக்கிடுவோம். ஒமக்கு மில்லுச் சத்தத்துல காது தடிச்சுப் போச்சு அண்ணாச்சின்னு அவரு சொல்லுவாரு, ஒமக்கு அத்தர் போட்டுப் போட்டு மூக்குல இருந்து காது வரைக்கும் அடைச்சுப் போச்சு பாய்னு நான் சொல்லுவேன். வெளையாட்டுக்குச் சொன்னதுதான் எல்லாம்.

வைகாசியில நீ முழுகாம இருக்கேன்னு போன் பண்ணுன அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு ஒனக்குத் தெரியாது. எட்டு வருசம் காத்திருந்து வந்த செய்தி. ஒங்க அம்மா கோயிலுக்குப் போனா, நான் பாய் கடைக்குப் போனேன். நம்ம ரயில் அட்டை இருக்குல்லா, பாலத்து மேல ரயில் போற படம் போட்டது, அது தேஞ்சு போச்சு. ரெண்டாம் பக்கம் மூணாவது பாட்டு, மொதல்ல குழல் மட்டும் தனியா வரும், யாருமில்லாத இடத்துல ஒருத்தன் நடந்து போற மாதிரி, பொறவு பின்னாலயே கொலுசு வரும். நீ அதைக் கேட்டாத்தான் கணக்குப் பாடம் போடுவே. அந்த இடத்துல முள்ளு குதிக்கும். கீறல் விழுந்த பிளேட்டைப் பேரப்பிள்ளைக்கு வைக்கலாமா. ஊரெல்லாம் தேடி, மதுரையில சொல்லி வச்சு, அதே அட்டையில ஒரு புதுப் பிளேட்டு பாய் வரவச்சுக் கொடுத்தாரு. பாய் கடையில போட்டுக் கேக்காம ஒரு பிளேட்டு வெளிய போகாது, வீட்டுக்குப் போயிக் குத்தம் சொல்லக் கூடாதுல்லா. ஆனா இதை நான் போட விடல. மொத மொதல்ல பேரப்பிள்ளைதான் கேக்கணும் பாய், நீரும் கேக்கக் கூடாது நானும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி உறை பிரிக்காமக் கொண்டாந்துட்டேன்.

நாலு நாளு தாக்குப் பிடிச்சேன். பொறவு, பிள்ளைக்குப் போடுற பிளேட்டு சரியா இருக்கான்னு பாக்க வேண்டாமான்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டு ரெண்டாம் பக்கத்தைப் போட்டேன். தபேலா வருது, பாடுறவன் வாரான், மூணாவது பாட்டு ஆரம்பிக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல. சும்மா சுத்துது. செத்த நேரம் கழிச்சு தாளம் வருது. குழலைக் காணோம், கொலுசைக் காணோம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. இது எவனோ கள்ளத்தனமா அடிச்ச பிளேட்டுன்னு சனிக்கிழமை வரைக்கும் கூடப் பொறுக்காம அப்பவே பஸ் ஏறிட்டேன். கடையில நாலஞ்சு பேரு இருந்தாவ. பாய், கம்பெனிக்காரன் குழல் ஊதுறவனுக்குச் சம்பளம் கொடுக்கலியா, பாட்டுல ஆளையே காணோம்னு நான் சத்தம் போட்டேன். பாய் அதை வாங்கி, வெல்வெட்டுத் துணியால துடைச்சு, முள்ளை வச்சாரு. அந்த இடம் வந்துச்சு. பாத்தீரா, எங்க போனான் ஒம்ம குழல்காரன்னு நான் எல்லாரையும் பாத்துக் கேக்கேன். ஒருத்தன் சிரிக்க வாயைத் தொறந்தான், பாய் அவனை ஒரு பார்வை பாத்தாரு, அவன் மூடிக்கிட்டான். பாய் முள்ளைத் தூக்கிட்டு, ஆமா அண்ணாச்சி, தப்புப் பிளேட்டுதான், என்னையும் ஏமாத்திட்டான்னு சொல்லிட்டு வேற ஒண்ணு வரவச்சுத் தாரேன்னாரு.

அந்த வேற ஒண்ணுலயும் குழல் இல்ல. திரும்பக் கொண்டு போனேன். மூணாவது ஒண்ணு தந்தாரு, கூடவே புது முள்ளும் மாட்டி விட்டாரு, பெட்டியில சத்தம் கூட்டுற திருகையும் கடைசி வரைக்கும் திருகி வச்சுப் போடுங்கன்னாரு. வீட்டுல போட்டேன். அந்த இடம் வந்ததும் எனக்குக் குழல் வந்த மாதிரியே இருந்துச்சு. நல்லா இருக்கு பாய், இப்பத்தான் மனுசன் ஊதுறான்னு அடுத்த சனிக்கிழமை போயிச் சொன்னேன். அவரு எனக்கு ரெண்டு டீ சொன்னாரு. அன்னைக்கு நான் கேட்டது பிளேட்டுல இருந்ததா, இல்ல இம்புட்டு வருசமா எம் மண்டைக்குள்ள கெடந்த குழலான்னு இப்பத்தான் தெரியுது.

நான் மில்லுல முப்பது வருசத்துக்கு மேல நூல் நூக்குற ரிங் பிரேமுல சைடு பாத்தவன். அங்க எவனும் வாயால பேச மாட்டான், பேசுனாலும் கேக்காது. எல்லாம் கைப் பேச்சுதான். சூப்பர்வைசரு வாரான்னா மீசையத் தடவிக் காட்டணும், பாபின் வேணும்னா ஒரு மாதிரி, பீடி வேணும்னா ஒரு மாதிரி. வெளிய வந்ததும் காதுக்குள்ள வண்டு சுத்தும், டீ குடிச்சாச் சரியாப் போயிரும்னு எல்லாரும் நெனச்சோம். ஆம்பளை பேசுனா இன்னைக்கும் எனக்குக் கேக்கும். பொம்பளைக பேசுனா வாயப் பாத்து நெரப்பிக்கிடுவேன், அப்படி நெரப்புறேன்னு எனக்கே தெரியாது. ஒங்க அம்மா என்ன சொல்லப் போறான்னு நாப்பது வருசமாத் தெரியும், அதுக்குக் காது எதுக்கு.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமையைச் சொல்லுதேன். ஒங்க அம்மா நிச்சயத்துக்கு வேலை செய்ய சேத்தூர் போயிட்டா. அவ இருந்தா அவதான் மொதல்ல பேசுவா, நான் கடைசியில வாங்கி ரெண்டு நக்கல் பண்ணிட்டு வச்சிருவேன், அதுல எதுவும் வெளிய தெரியல. அன்னைக்கு சுப்புராஜ் சம்சாரம் சுவத்துக்கு மேல தலையை நீட்டி, ராண்டி ராண்டின்னு தெலுங்குல கூப்பிட்டு, பிலாய் போனுன்னு கையை ஆட்டுது. நான் துண்டை எடுத்துப் போட்டுக்கிட்டு ஓடுனேன். சுப்புராஜ் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு, அவரு சம்சாரம் பக்கத்துல நிக்குது. ரிசீவருல தகரக் கொட்டகையில மழை பேஞ்ச மாதிரி ஒரே இரைச்சல். அதுக்கு அடியில கொசு மாதிரி என்னமோ இருந்துச்சு. அதுதான் நீ. முந்துன போன்ல சப்பட்டை மாங்கா கெடைக்க மாட்டேங்குதுன்னு அழாத கொறையாச் சொன்னேன்னு ஒங்க அம்மா சொல்லியிருந்தா. நீ அதைத்தான் சொல்லுதேன்னு நெனச்சேன் தாயி. நான் பெரிய இவனாட்டம், கெடைக்கிற வரைக்கும் தேடித் தின்னுட்டி, உள்ள இருக்கிறவன் என்னைய மாதிரிக் களவாணிப்பய, தின்னாத்தான் சும்மா கெடப்பான்னு சொன்னேன். சொல்லிட்டு சிரிச்சேன். சுப்புராஜும் சிரிச்சாரு. அதோட விட்டேனா. பயல் வரட்டும், ரயில் அட்டை புதுசு வாங்கி வச்சிருக்கேன், தாத்தனும் பேரனும் சேந்து ரயில் விடப் போறோம்னு நீட்டிக்கிட்டே போனேன். இரைச்சல் நின்னு போச்சு. லைன் கட்டாயிருச்சுன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன், ஒங்க அம்மா சேத்தூர்ல இருந்து திரும்புனதும் பிள்ளை நல்லாப் பேசுச்சுன்னு சொன்னேன். அன்னைக்குச் சோறும் நல்லாத் தின்னேன். அதுதான் என்னால தாங்க முடியல.

அடுத்த ஞாயித்துக்கிழமை நீ பண்ணும்போது ஒங்க அம்மா இருந்தா. நான் வாசப்படியில நின்னு எம் மொறை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன், சொல்லுறதுக்கு ஒரு நக்கல் கூட வச்சிருந்தேன். அவ ரிசீவரோட சுவத்துல சாஞ்சு அப்படியே கீழ உக்காந்துட்டா. சுப்புராஜ் சம்சாரம் போயி அவளைப் பிடிச்சுக்கிச்சு. வச்சிட்டு எந்திரிச்சு என்னைத் தாண்டி நடந்து வந்தா, என் முகத்தைப் பாக்கல. வீட்டுக்குள்ள வந்ததும்தான் கேட்டா, போன வாரம் புள்ள ஒங்ககிட்ட என்ன சொன்னா, நீங்க என்ன சொன்னீகன்னு. எனக்கு அவ வாய் ஆடுறதைப் பாத்துத்தான் வெளங்குச்சு. லைன் சரியில்லட்டின்னேன். அவ அடுப்பங்கரைக்குப் போயிட்டா. நான் என்ன ஆச்சோன்னு தெரியாம பிளேட்டு அலமாரியைப் பாத்துக்கிட்டு நிக்கேன். செத்த நேரத்துல எம் முன்னால வந்து நிக்கா, கையில பித்தளை மூடி. பின்னால நின்னு அதை மூணு தடவை தரையில போட்டிருக்கா, நான் திரும்பல. அவ மூடியை என் கையில கொடுத்துட்டு, நெஞ்சுல கையை வச்சு, நம்ம செண்பகத்துக்குப் பிள்ளை கலைஞ்சிருச்சுன்னு மெதுவா, நான் வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிடுற மாதிரி சொன்னா. அப்பத்தான் எனக்குத் தெரியும். ஒனக்கு நடந்து பத்து நாளு கழிச்சு.

நான் அப்பவும் ஒத்துக்கிடல. எனக்குக் காது நல்லா இருக்கு, பாய் கடையில வந்து பாரு, நான் சொன்னா ஒரு முள்ளு தப்பாதுன்னு சண்டை போட்டேன். சரி வாங்கன்னு சேலையை மாத்திக்கிட்டா. இம்புட்டு வருசத்துல அந்தக் கடை வாசல மிதிக்காதவ, பாட்டுக் கேக்கிறவன் உருப்பட மாட்டான்னு சொன்னவ. அவளைக் கண்டதும் பாய் எந்திரிச்சு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாரு. அவ உக்காரல. அண்ணே, இவுகளுக்குக் காது கேக்குதா இல்லியா, எனக்கு நெசத்தைச் சொல்லுங்கன்னா. பாய் என்னையும் பாக்கல, அவளையும் பாக்கல. மேசையைத் துடைச்சுக்கிட்டே, தங்கச்சி, அந்த மூணு பிளேட்டும் நல்ல பிளேட்டுதான்னாரு.

நான் சும்மா இருப்பேனா. போடும் பாய், இப்பவே போடும்னேன். போட்டாரு. அலமாரியில முன்னால நான் திருப்பிக் கொடுத்த பிளேட்டுதான் அது. தபேலா வந்துச்சு, பாடுறவன் வந்தான், அந்த இடம் வந்துச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. நான் ஒங்க அம்மா முகத்தைப் பாத்தேன். அவ தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது, தொடைக்கவுமில்ல. வருதான்னு கேட்டேன். ஆமான்னு தலையை ஆட்டுனா. அப்ப பாய் எம் முன்னால வந்து நின்னு ஒத்த வெரலைத் தூக்கி காத்துல கோடு போட ஆரம்பிச்சாரு. மேல ஏத்துறாரு, அங்கேயே நிறுத்தி லேசா நடுக்குறாரு, வளைச்சுக் கீழ கொண்டாராரு, திரும்ப ஏத்துறாரு. அந்த மெட்டு எனக்கு நம்ம தெரு மாதிரி, எந்த வீடு எங்க இருக்குன்னு தெரியும். அவரு வெரலு போற வழியெல்லாம் நானும் போனேன். ஒரு எடம் தப்பல. பொறவு வெரலை மடக்கிட்டு, ரெண்டு கையையும் தாழ்த்தி ஆட்டிக் காட்டுனாரு, கொலுசு வந்திருச்சுன்னு. நான் கடையில உக்காந்து அழுதேன் தாயி. சனிக்கிழமைச் சட்டம் பாட்டு முடியுற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுங்கிறது. நான்தான் மொத மொதல்ல அதை மீறுனேன்.

முள்ளைத் தூக்குன பொறவு கேட்டேன், ஏன் பாய் எங்கிட்டச் சொல்லல, மூணு தடவை என்னைக் கோமாளி ஆக்கிட்டீரேன்னு. சொன்னா நீங்க சனிக்கிழமை வரமாட்டீக அண்ணாச்சின்னாரு.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்டக் காட்டுனா ஒங்க அம்மா. கண்ணாடி அறைக்குள்ள உக்கார வச்சு, காதுல ஒண்ணை மாட்டி, சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அமுக்குங்கன்னாவ. நான் என்ன சும்மா விடுவேனா, டாக்டர் கை எப்ப அசையுதுன்னு கண்ணாடி வழியாப் பாத்துப் பாத்து அமுக்குனேன். அவரு கையை மட்டும் அசைச்சுட்டு சத்தம் கொடுக்காம விட்டாரு, நான் அதுக்கும் அமுக்கிட்டேன். பிடிச்சிட்டாரு. ஒங்க அம்மா தலையில அடிச்சுக்கிட்டா. டாக்டர் சிரிக்கல. மில்லுச் சத்தம் நரம்பைத் தின்னுருச்சு, மெல்லிசுச் சத்தந்தான் மொதல்ல போகும், பொம்பளைக பேச்சும் சின்னப் பிள்ளைக பேச்சும் அதுலதான் சேரும், மத்ததும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும்னாரு. காதுல மிசினு வச்சா எதிர்ல நிக்கிறவுக பேச்சுக்குக் கொஞ்சம் உதவுமாம். போன்ல மக பேசுறது கேக்குமான்னு ஒங்க அம்மா கேட்டா. அவரு ஒதட்டைப் பிதுக்கிட்டு கையை விரிச்சாரு. அதைப் புரிஞ்சுக்கிட எனக்குக் காது தேவைப்படல.

பஸ்ல வரும்போது ஒண்ணு நெனச்சேன், இதை எழுதலாமா வேண்டாமான்னு இருந்துச்சு, எழுதிட்டேன். அந்தப் பிள்ளை வந்திருந்தாலும் அது தாத்தான்னு கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்காது, கேக்காததுக்கு ஏன் ஏங்கணும்னு மனசைத் தேத்திப் பாத்தேன். தேறல. கேக்காட்டி என்ன, வாயைப் பாத்திருப்பேன்ல.

சனிக்கிழமை இன்னும் போறேன். போகாம விடக் கூடாதுன்னு பாய் ஆள் விடுதாரு. தவிலு, தபேலா, ஆம்பளைக் குரலு இதெல்லாம் இன்னும் இருக்கு, இருக்கிறதைத் தின்னு தீத்துருவோம் அண்ணாச்சின்னு அந்த மாதிரிப் பிளேட்டாப் பொறுக்கி எடுத்து வைக்காரு. பொம்பளைக பாடுற பாட்டை எம் முன்னால போடுறதில்ல. போட்டா வெரலைத் தூக்குதாரு. வீட்டுல பேரப்பிள்ளைக்குன்னு வாங்குன பிளேட்டை என்ன செய்யன்னு தெரியல. திருப்பிக் கொடுத்துருவோமான்னு ஒங்க அம்மாட்டக் கேட்டேன். முந்தா நாளு மத்தியானம் கட்டில்ல கண்ணை மூடிப் படுத்துக் கெடந்தேன், ஒறங்கிட்டேன்னு நெனச்சு பிளேயரைத் தொறந்து அதைப் போடுதா. முள்ளை எங்க வைக்கணும்னு அவளுக்குத் தெரியாது, தப்பித் தப்பி வச்சு, கடைசியில அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிட்டா. பெட்டிக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, எங்கயோ பாத்துக்கிட்டு, பிள்ளையத் தட்டிக் கொடுக்கிற மாதிரித் தொடையில தட்டிக்கிட்டே இருந்தா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அந்தப் பிளேட்டு இனிமே அவளோடது, நம்ம கேக்க வேண்டாம்.

ஏட்டி செண்பகம், நீ எம்மேல கோவமா இரு, அது ஒன் பாத்தியதை. எனக்குக் கேக்கலங்கிறதுக்காக ஒனக்கு வலிச்சது வலிக்காமப் போயிராது. நீ ஒத்தையில அந்த ஊருல படுத்துக்கிட்டு, அப்பன்ட்ட ஒரு வார்த்தை சொல்லி அழலாம்னு போன் பண்ணுனே, ஒனக்குக் கெடைச்சது என் சிரிப்பு. அதை என்னால திருப்பி எடுக்க முடியாது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யி. வார ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. மொதல்ல ஒங்க அம்மாட்டப் பேசிரு. பொறவு ரிசீவரை என் கையில தரச் சொல்லு. அவ காதை மறுபக்கம் ஒட்டி வச்சுக்கிடுவா. நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது, அதனால எதையும் அடுக்காச் சொல்லணும்னு இல்ல. திட்டணும்னா திட்டு, அழணும்னா அழு, ஒண்ணும் தோணலேன்னா சும்மா இரு. நான் பேசுறேன். சிரிக்க மாட்டேன். நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன், சுப்புராஜ் வீட்டுல சோறு ஆறுனா ஆறட்டும்.

மாப்பிள்ளை சௌந்தரபாண்டியனுக்கு எங்க ஆசீர்வாதம். ஒன்னை நல்லாப் பாத்துக்கிட்டாவன்னு ஒங்க அம்மா சொன்னா, அவியளும் பிள்ளையப் பறிகொடுத்தவியதான், அவியளுக்கும் நேரத்துக்குச் சோறு போடு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நூறு வருசம் நல்லா இருக்கணும். வெயில்ல அலையாத. களியைக் கண்டிப்பாக் கிண்டிச் சாப்பிடு.

ஞாயித்துக்கிழமையை மறந்துராத. மாப்பிள்ளை பேசுனா எனக்கு நல்லாக் கேக்குது, அதுக்காக அவிய கையில ரிசீவரைக் கொடுத்துட்டு நீ தள்ளி நின்னுக்கிடாத. எனக்கு நீதான் பேசணும்.

இப்படிக்கு,
ஒன்னைப் பெத்த அப்பன்
மு. தவசிமுத்து